மன்னார்குடி ஜெராக்ஸ் கடை: போர்ச் செலவுக் கணக்கை அச்சிட்டு வாங்கிய இடம்

மன்னார்குடி பந்தலடிக்குப் பக்கத்தில் ஒரு சந்துக்குள் இருக்கும் ஜெராக்ஸ் கடையைப் பற்றி எழுதுகிறேன். பெயரைப் போட வேண்டாம் என்று கடை நடத்தும் அம்மா கேட்டுக்கொண்டார், அதனால் போடவில்லை. ஒரு பக்கம் தையல் கடை, இன்னொரு பக்கம் விதை நெல் கடை, நடுவில் பத்தடிக்கு எட்டடி இடம். ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு லேசர் பிரிண்டர், ஒரு கம்ப்யூட்டர், வாசலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. சிட்டா எடுக்க, பயிர்க் காப்பீட்டுக்கு விண்ணப்பம் போட, பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழை நகல் எடுக்க வருகிறவர்கள்தான் அதிகம். நான் கடந்த எட்டு மாதத்தில் அங்கே 1,400 பக்கத்துக்கு மேல் அச்சிட்டு வாங்கியிருக்கிறேன். வெளிநாட்டுக்குப் படை அனுப்பிய அரசாங்கங்களிடம் அந்தந்த நாட்டு நாடாளுமன்றங்கள் செலவுக் கணக்கை எப்படிக் கேட்டன என்ற அறிக்கைகள்தான் எல்லாம்.

இதையெல்லாம் மன்னார்குடியில் உட்கார்ந்து எதற்குப் படிக்கிறாய் என்று என் வீட்டிலேயே கேட்டார்கள். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நான் ராணுவத்தில் கிளார்க் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவன். 1988-லும் 1989-லும் இலங்கையில் திருகோணமலைப் பக்கம் இந்திய அமைதி காக்கும் படையில் இருந்தேன். ஆபீஸ் கூடாரத்தில் பார்ட் டூ ஆர்டர் (ஆட்களைப் பற்றிய பதிவு) தட்டுவது, அக்விட்டன்ஸ் ரோலில் (சம்பளப் பட்டியல்) கையெழுத்து வாங்குவது, சாமான்களுக்கு இன்டென்ட் (தேவைச் சீட்டு) எழுதுவது, இவைதான் என் வேலை. எங்கள் பட்டாலியனில் யாருக்காவது அடிபட்டால், யாராவது இறந்தால், அந்தப் பெயர் என் டைப்ரைட்டருக்கு வராமல் வேறெங்கும் போகாது. 1987 ஜூலை 29-ல் கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். 1990 மார்ச் 24-ல் கடைசிக் கப்பல் திருகோணமலையை விட்டுக் கிளம்பியது. இடையில் இருந்த இரண்டே முக்கால் வருடத்தில் நம் பக்கத்தில் 1,200 பேர் அளவில் செத்துப்போனார்கள். பணம் ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் என்று சொல்வார்கள். அந்தக் காலத்து ஆயிரம் கோடி.

ஊருக்குத் திரும்பியபோது டீக்கடையில் கேட்ட கேள்விகள் இன்னும் காதில் இருக்கின்றன. வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கத்து ஆட்களுக்கு அக்கரையில் கொண்டான் கொடுத்தான் உறவு உண்டு. "அங்கே போய் நம்ம ஜனங்களையே சுட்டுட்டு வந்தீங்களா?" என்று முகத்துக்கு நேராகக் கேட்டார்கள். அதற்கு ஒரு கிளார்க் என்ன பதில் சொல்ல முடியும்? இன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை. ஆனால் பணத்தைப் பற்றி யாராவது கேட்டால் அதற்குப் பதில் ஏதாவது ஒரு தாளில் இருந்தாக வேண்டும். தாளோடு முப்பது வருடம் வாழ்ந்தவன் நான், அதைத் தேடுவது என் வேலை என்று பட்டது.

ஒவ்வொரு மார்ச் 24-ம் தேதியும் நாங்கள் மூன்று பேர் சந்திப்போம். ஒருவர் வடுவூர், ஒருவர் திருத்துறைப்பூண்டி. போன வருடம் திருத்துறைப்பூண்டிக்காரர் கேட்டார்: "அண்ணே, நமக்கு ஆன செலவை டெல்லியில யாராவது உட்கார்ந்து வரி வரியாப் பார்த்தாங்களா?" அன்றைக்கு நான் பேசாமல் இருந்துவிட்டேன். திருச்சியில் சட்டம் படிக்கும் என் தம்பி மகளிடம் இதைச் சொன்னபோது, "பெரியப்பா, மற்ற நாட்டில் எப்படிக் கேட்கிறார்கள் என்று முதலில் பாருங்களேன். இங்கிலாந்து நாடாளுமன்றக் குழுக்களின் அறிக்கையெல்லாம் இலவசமாகவே கிடைக்கிறது" என்று லிங்க் அனுப்பினாள். செல்போனில் அந்த எழுத்தைப் படிக்க என் கண்ணுக்கு முடியவில்லை. அப்படித்தான் கடைக்குப் போனேன்.

முதல் நாள் கடைக்கார அம்மா திரையைப் பார்த்துவிட்டு, "என்ன ஐயா, விசா பேப்பரா?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். "போருக்கு ஆன செலவா? அதையெல்லாம் வெளியில போடுவாங்களா?" என்றார். எனக்கும் அதே ஆச்சரியம்தான்.

முதலில் எடுத்தது 2008 மார்ச்சில் இங்கிலாந்து மக்களவையின் பாதுகாப்புக் குழு வெளியிட்ட சின்ன அறிக்கை. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் அவர்களுடைய படை இருந்த காலம். நிதியாண்டு முடியப்போகிற நேரத்தில், அந்த இரண்டு இடங்களுக்கும் கூடுதல் பணம் வேண்டும் என்று அமைச்சகம் துணை மானியக் கோரிக்கை வைக்கிறது. ஓட்டெடுப்புக்கு முன்னால் இந்தக் குழு கணக்கைப் பிரித்துப் பார்க்கிறது. தலைவர் ஜேம்ஸ் ஆர்பத்நாட், எதிர்க்கட்சிக்காரர். அந்த ஆண்டுக்கு மொத்தம் 300 கோடி பவுண்டுக்கு மேல், முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. குழு முக்கியமாகப் பிடித்துக்கொண்டது ஒரு இடத்தைத்தான்: ஈராக்கில் ஆட்களைக் குறைத்துவிட்டீர்கள், பிறகு ஈராக்கின் செலவு எப்படி ஏறியது? இந்தக் கேள்விக்கு ராணுவ ரகசியம் எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எங்கள் வடுவூர்க்காரர் கூட்டுறவுச் சங்கத்தில் இருந்தவர். அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டியபோது, "ஆள் குறைஞ்சா ரேஷன் குறையணுமே!" என்று உடனே சொன்னார். அந்தக் குழுவும் அதையேதான் கேட்டிருக்கிறது.

அந்த அறிக்கையில் நான் கற்றுக்கொண்ட பெரிய விஷயம் அவர்கள் செலவை அளக்கும் முறை. 'நிகரக் கூடுதல் செலவு' என்று வைத்துக்கொள்ளலாம். அந்தச் சிப்பாய் ஊரில் இருந்தாலும் சம்பளம் வாங்கியிருப்பான், அதைப் போர்க் கணக்கில் சேர்க்கக் கூடாது. அவன் போருக்குப் போனதால் ஊரில் நடக்காமல் போன பயிற்சியின் செலவைக் கழிக்க வேண்டும். போனதால் மட்டும் கூடுதலாக ஆன செலவு எதுவோ அதுதான் கணக்கு, அதைக் கருவூலத்தின் தனி ஒதுக்கிலிருந்து கொடுப்பார்கள். வெளியூர்க் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு போய் வந்து கணக்குப் பார்க்கிறோம். பஸ் காசு, மொய், லாட்ஜ் வாடகை எல்லாம் சேரும். வீட்டில் இருந்திருந்தாலும் வாங்கியிருக்கும் பாலுக்கும் அரிசிக்கும் ஆன காசு சேராது. அந்த மாதிரி.

இதைப் படித்த அன்று எனக்குத் தஞ்சாவூர்ப் பெரிய கோயில் ஞாபகம் வந்தது. ராஜராஜன் கொடுத்த நகைகளைக் கல்வெட்டில் எழுதும்போது, பொன்னை ஆடவல்லான் என்ற நிறைகல்லாலும், மணிகளைத் தட்சிண மேரு விடங்கன் என்ற நிறைகல்லாலும் நிறுத்ததாகச் சொல்வார்கள். கோத்த சரடு, சட்டம், செப்பாணி (செம்பு ஆணி) இவற்றையெல்லாம் நீக்கி நிறுத்த எடை என்பதும் அதில் உண்டு. சரடு தங்கத்தோடு சேர்ந்துவிடக் கூடாது. ஆயிரம் வருடத்துக்கு முன்னால் நம் ஊர்க் கணக்கனுக்கு இது தெரிந்திருக்கிறது, யார் வேண்டுமானாலும் வந்து படித்துக்கொள்ளட்டும் என்று கல்லிலும் வெட்டி வைத்திருக்கிறான். அந்தப் பிரகாரத்தில் எத்தனையோ தடவை நடந்திருக்கிறேன். கணக்கை வெட்டி வைத்திருக்கிறார்களே என்று அன்றைக்குத்தான் அதைத் தொட்டுப் பார்க்கத் தோன்றியது.

இங்கேதான் கடையின் மேல் எனக்கு ஒரு வருத்தம். குறுக்குவாட்டில் இருந்த ஒரு பெரிய அட்டவணை நெடுக்குவாட்டில் அச்சாகி, வலது ஓரத்துக் கட்டம் முழுவதும் வெட்டுப்பட்டுப் போய்விட்டது. எனக்கு அது தெரியவில்லை. ராணுவத்தார் செலவு, சிவிலியன் ஊழியர், ஸ்டாக், கட்டுமானம், கருவிப் பராமரிப்பு என்று வரிசையாக இருந்த எண்களை இரண்டு நாள் நோட்டுப் புத்தகத்தில் கூட்டினேன். அறிக்கையில் சொன்ன தொகையோடு எதுவும் ஒத்துப்போகவில்லை. அந்த அமைச்சகமே தப்பாகக் கூட்டியிருக்கிறது என்றுகூட நினைத்தேன். ராத்திரித் தூக்கம் போனது. மூன்றாவது நாள் கடைக்குப் போய்த் திரையில் பார்த்த பிறகுதான் கடைசிக் கட்டமே தாளில் இல்லை என்று புரிந்தது. அந்த அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. "நான் பார்த்துக் கொடுத்திருக்கணும் ஐயா" என்று அந்தப் பக்கங்களை மட்டும் பெரிய தாளில் மறுபடி எடுத்து, மடித்து வைத்துக் கம்பி கோத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. அதற்குப் பிறகு அட்டவணை வருகிற பக்கத்தையெல்லாம் அவரே முதலில் நிறுத்தி, ஓரம் சரியாக இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த தாளை விடுகிறார்.

இன்னொன்றும் நடந்தது. குழு முன்னால் அதிகாரிகள் சொன்ன வாய்மொழிச் சாட்சியத்தில் அங்கங்கே மூன்று நட்சத்திரக் குறி வரும். அச்சிட்டுக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டு, "ஐயா, இங்க எழுத்து விழலை. டோனர் போச்சான்னு பார்க்கறேன்" என்றார். அது விழாத எழுத்து இல்லையம்மா, பாதுகாப்புக்காக எடுத்த வார்த்தை, எடுத்த இடத்தில் இந்தக் குறியைப் போடுவது அவர்கள் வழக்கம் என்று சொன்னேன். மறைத்தால் மறைத்த இடம் தெரிகிறது. ராணுவ விஷயத்தில் மறைக்க வேண்டியது உண்டு, நான் அதற்கு விரோதி இல்லை. எங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள், எந்தத் துப்பாக்கியில் எத்தனை குண்டு என்று ஊருக்குச் சொல்ல முடியாதுதான். ஆனால் தகரமும் தார்ப்பாயும் கப்பல் வாடகையும் என்ன ரகசியம்? அந்தக் கணக்கையும் சேர்த்து மூடிவிட்டால், மூடியது எது, தொலைந்தது எது என்று பின்னால் வருகிறவனுக்குத் தெரியாமலே போய்விடும்.

தொலைந்தது என்றதும் சொல்ல வேண்டியது ஈராக் போர் தொடங்கிய வருடத்தின் கடைசியில், 2003 டிசம்பரில், இங்கிலாந்தின் தேசியத் தணிக்கை அலுவலகம் கொடுத்த அறிக்கை. அரசாங்கம் செலவழித்த பணத்தைச் சரிபார்க்கும் நாடாளுமன்றக் குழுவுக்குப் பொதுக் கணக்குக் குழு என்று பெயர், இந்தத் தணிக்கை அலுவலகம்தான் அதற்குக் கண்ணும் காதும். அந்தக் குழுவை 1861-ல் கிளாட்ஸ்டன் நிதியமைச்சராக இருந்தபோது ஏற்படுத்தினார்கள். குண்டு துளைக்காத கவச உடை பற்றி அந்த அறிக்கையில் ஒரு பகுதி வருகிறது. 1999 கொசோவோ நடவடிக்கைக்குப் பிறகு படையினருக்குக் கொடுத்த இரண்டு லட்சம் செட் அளவிலான கவச உடைகள் எங்கே போயின என்றே தெரியவில்லை. வாங்கியதும் கொடுத்ததும் கணக்கில் இருக்கிறது, பொருளைக் காணோம். அந்தத் தட்டுப்பாட்டால், தன்னிடம் இருந்த உடையை வேறொருவருக்காகத் திருப்பிக் கொடுத்த ஒரு சார்ஜென்ட் பஸ்ராவுக்குப் பக்கத்தில் சுடப்பட்டு இறந்துபோனார்.

அதைப் படித்தபோது கடை வாசல் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். மேலே படிக்க முடியவில்லை. இன்டென்ட் எழுதி, சாமான் வந்து, வவுச்சரில் கையெழுத்து வாங்கி, லெட்ஜரில் ஏற்றி, மாதக் கடைசியில் எண்ணிச் சரிபார்க்கிறவன் நான். பத்துப் போர்வை குறைந்தால் போர்டு ஆஃப் ஆபீசர்ஸ் உட்கார்ந்து விசாரிக்கும். லெட்ஜரில் ஒரு வரி தப்பினால் எங்கோ ஒருவன் உடம்பில் அது தெரியும் என்று என் முதல் சுபேதார் மேஜர் சொல்லிக்கொண்டே இருப்பார். பயமுறுத்துவதற்காகச் சொல்கிறார் என்று அப்போது நினைத்தேன்.

கடைக்கார அம்மா ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, எதுவும் கேட்காமல் உள்ளே போனார். இதையும் ஒரு கடையின் தரத்தில் சேர்த்துத்தான் நான் மதிப்பெண் போடுவேன்.

அப்புறம் 2011 லிபியா. விமானத் தாக்குதல் தொடங்கிய மார்ச் மாதத்தில் இங்கிலாந்து நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் நாடாளுமன்றத்தில் சொன்ன மதிப்பு சில கோடி பவுண்டுகள், பத்துக் கோடிக்கணக்கில் போகாது என்பது. டிசம்பரில் பாதுகாப்பு அமைச்சகம் சொன்ன கணக்கு 21 கோடி பவுண்டு. ஆரம்பத்தில் சொன்ன எண் தப்பாவது பெரிய குற்றம் இல்லை, போர் என்பது மழை மாதிரி, எத்தனை நாள் பெய்யும் என்று யார் சொல்ல முடியும்? முதல் எண் பதிவில் இருப்பதால்தான் இரண்டாவது எண்ணை அதன் பக்கத்தில் வைத்துக் கேட்க முடிகிறது. எனக்கு இது பிடித்திருக்கிறது.

நேரம் பற்றியும் அந்தப் பாதுகாப்புக் குழு திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறது. நிதியாண்டு முடியும் பிப்ரவரி, மார்ச்சில் வந்து பணம் கேட்டால் பாதிக்கு மேல் செலவாகியிருக்கும், அந்த நேரத்தில் நாடாளுமன்றம் என்ன ஆராய முடியும், முன்கூட்டியே மதிப்பீடு கொடுங்கள் என்பது அவர்கள் வாதம். இந்தப் பகுதியைத் திருத்துறைப்பூண்டிக்காரருக்கு விளக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கிறார்கள். தூர்வாரும் வேலையை ஏப்ரலிலேயே தொடங்கினால் வாய்க்காலுக்குள் இறங்கி நடந்து, எத்தனை அடி எடுத்திருக்கிறார்கள் என்று நாமே பார்த்துவிடலாம். மே கடைசியில் மண்வெட்டி இறங்கினால், அளவு எடுப்பதற்குள் தண்ணீர் வந்துவிடும். பாமணியாற்றில் தண்ணீர் ஓடும்போது அடியில் என்ன ஆழம் என்று எந்தக் கோலை வைத்து அளப்பது? "ஓ, தண்ணி வந்தப்புறம் பில்லு வைக்கிற கதை" என்றார் அவர். அதேதான்.

அமெரிக்க அறிக்கைகளில் கொஞ்சம்தான் எடுத்தேன், அவை மலை மாதிரி இருக்கின்றன. ஆப்கானிஸ்தான் மறுகட்டமைப்புக்குச் செலவாகும் பணத்தைப் பார்க்க 2008-ல் அவர்கள் நாடாளுமன்றம் தனியாக ஒரு தலைமை ஆய்வாளர் பதவியை உருவாக்கியது. அவர் மூன்று மாதத்துக்கு ஒரு முறை அறிக்கை கொடுக்க வேண்டியிருந்தது. அதில் ஆப்கன் விமானப்படைக்காக இத்தாலியிலிருந்து வாங்கிய 20 சரக்கு விமானங்களின் கதை வருகிறது. திட்டத்துக்கு 48.6 கோடி டாலர். உதிரிபாகமும் பராமரிப்பும் சரியில்லாமல் அவை பெரும்பாலும் நின்றே கிடந்தன. 2014-ல் காபூல் விமான நிலையத்தில் கிடந்த 16 விமானங்களை உடைத்துப் பழைய உலோகமாக விற்றதில் கிடைத்தது 32,000 டாலர் அளவு. ஒரு பவுண்டு எடைக்கு 6 சென்ட். வடுவூர்க்காரரின் மைத்துனர் பழைய இரும்பு வியாபாரம் செய்கிறவர். அப்போதைய டாலர் விலைக்குக் கணக்குப் போட்டுக் கிலோ 8 ரூபாய் வருகிறது என்று சொன்னதும், "விமானத்துல அலுமினியம்ல மச்சான் இருக்கும்!" என்று திகைத்துப்போனார். அந்த விமானங்களைப் பற்றி எழுதியவர்கள் பெரிய பொருளாதார மேதைகள் இல்லை. விமான நிலையத்தின் ஓரத்தில் புல்லுக்குள் நிற்கும் விமானங்களைப் பார்த்துவிட்டு, இது என்ன, யார் வாங்கியது, என்ன விலை என்று கேட்டார்கள்.

சரி, நம் நாட்டுக்கு வருகிறேன். நம்மிடம் வழி இல்லாமல் இல்லை. பொதுக் கணக்குக் குழு 1921-லிருந்து இருக்கிறது, 1967-லிருந்து எதிர்க்கட்சிக்காரரைத் தலைவராகப் போடுவது மரபு. அரசியல் சட்டத்தின் 151-வது பிரிவின்படி சி.ஏ.ஜி. என்னும் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை குடியரசுத் தலைவர் மூலமாக நாடாளுமன்றத்துக்கு வருகிறது. கார்கில் நேரத்தில் அவசரமாக வாங்கிய சாமான்களை மட்டும் தனியாக எடுத்துத் தணிக்கை செய்து 2001-ல் அறிக்கையே வைத்தார்கள். செய்ய முடியும் என்பதற்கு அது சாட்சி. ஆனால் நாங்கள் திருகோணமலையில் இருந்த வருடங்களில் நாடாளுமன்றத்தில் பாதுகாப்புக்கென்று ஒரு நிலைக்குழுவே கிடையாது. துறைவாரி நிலைக்குழுக்கள் 1993-ல்தான் வந்தன. நாங்கள் திரும்பி மூன்று வருடம் கழித்து.

பட்ஜெட் தலைப்பும் ஒரு பிரச்சினை. ராணுவக் கணக்கு எழுதினவர்களுக்கு இது மனப்பாடம்: தரைப்படைக்கு 2076, கடற்படைக்கு 2077, விமானப்படைக்கு 2078. அதற்குள் சம்பளம், போக்குவரத்து, சாமான்கள், கட்டுமானப் பணி என்று உள்தலைப்புகள். எங்கள் கப்பல் பயணம் போக்குவரத்தில் சேரும். மாவும் பருப்பும் மண்ணெண்ணெயும் சாமான்களில் சேரும். முகாமுக்கு அடித்த தகரம் கட்டுமானத்தில் சேரும். என்ன வாங்கினோம் என்று அந்தக் கணக்கு சொல்லும். எந்தப் போருக்காக வாங்கினோம் என்று சொல்ல அதில் இடம் இல்லை. நான் எழுதிய ஒவ்வொரு இன்டென்டும் சரியாகத்தான் எழுதினேன். அதெல்லாம் சேர்ந்து ஒரு மொத்தமாக, இலங்கை என்ற ஒரே தலைப்பின் கீழ், வருடா வருடம் சபையின் மேஜைக்குப் போயிருக்க வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம். இனி எந்தக் கடலைத் தாண்டிப் படை போனாலும், பட்ஜெட்டில் அதற்கென்று தனித் தலைப்பு வேண்டும். போகும்போது ஒரு மதிப்பீடு, நடுவில் ஒரு கணக்கு, திரும்பிய பிறகு என்ன திரும்பி வந்தது, என்ன வரவில்லை என்ற கணக்கு. நம் எம்.பி. எந்தக் கட்சியாக இருந்தாலும் இதைக் கேட்கலாம். கேட்டால் ராணுவத்துக்கு விரோதி என்று சிலர் சொல்வார்கள். பல வருடம் அந்தச் சட்டையைப் போட்டவன் சொல்கிறேன், கணக்குக் கேட்பதால் எந்தச் சிப்பாயும் குறைந்துபோக மாட்டான். கவச உடை எங்கே என்று ஒருவர் முன்கூட்டியே கேட்டிருந்தால் அந்த சார்ஜென்ட் வீட்டுக்குப் போயிருப்பார்.

நம் குழு அறிக்கைகளும் இணையத்தில் கிடைக்கின்றன, அவற்றிலும் 300 பக்கம் அளவுக்கு எடுத்திருக்கிறேன். ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருக்கின்றன. பாதுகாப்பு நிலைக்குழுவின் மானியக் கோரிக்கை அறிக்கையில் ஐம்பது பக்கமாவது தமிழில் வந்தால், எங்கள் தெருவில் படிக்கிறவர்கள் பத்துப் பேராவது இருப்பார்கள். படையில் பிள்ளை இருக்கிற வீடே நாலு இருக்கிறது.

கடை விவரத்துக்குத் திரும்புகிறேன், போக விரும்புகிறவர்களுக்கு உதவும். ஒரு பக்கம் 1 ரூபாய். நூறு பக்கத்துக்கு மேல் போனால் 75 பைசா. சுருள் கம்பி பைண்டிங் 40 ரூபாய், முன்னால் பிளாஸ்டிக் அட்டை, பின்னால் கறுப்பு அட்டை. இருநூறு பக்கத்துக்கு மேல் ஒரே கட்டாகப் போடாதீர்கள், கம்பி பிரிந்துவிடும். இரண்டாகப் பிரித்துப் போடச் சொல்லுங்கள். தாள் கொஞ்சம் மெல்லிசு, இரண்டு பக்கமும் அடித்தால் பின்பக்கத்து எழுத்து நிழலாடுகிறது. அதற்கும் அந்த வெட்டுப்பட்ட அட்டவணைக்கும் சேர்த்து ஒரு நட்சத்திரம் குறைத்து ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். காலையில் பத்து மணிக்குத் திறப்பார், மதியம் சாப்பாட்டுக்குப் பூட்டுவார். கொள்முதல் நேரத்தில் போகாதீர்கள். கொள்முதல் நிலையத்துக்கு அடங்கல் எடுக்க வருகிற கூட்டம் தெருவரைக்கும் நிற்கும், அவர்களுக்கு நெல் மழையில் கிடக்கும், நம் அறிக்கை ஒரு வாரம் காத்திருந்தால் ஒன்றும் கெட்டுவிடாது.

ஃபைலைப் பென் டிரைவில் கொண்டுபோனால் நல்லது. வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் எடுத்துக்கொள்வார், அச்சு முடிந்ததும் நம் கண் முன்னாலேயே அழித்துவிடுவார். பக்க எண் இல்லாத அறிக்கைக்கு அவரே பென்சிலால் எண் போட்டுக் கொடுத்தது நான் கேட்காமல் செய்தது.

இப்போது ஈராக் போர் பற்றி இங்கிலாந்து நடத்திய விசாரணையின் அறிக்கையை அச்சிடக் கொடுத்திருக்கிறேன். 2009-ல் ஜான் சில்காட் தலைமையில் தொடங்கி, 2016 ஜூலை 6-ல் வெளிவந்தது, 12 தொகுதி, 26 லட்சம் வார்த்தை. முழுவதையும் அச்சிட என் பென்ஷன் போதாது. 13-வது பகுதி மட்டும் கேட்டிருக்கிறேன். ஆறு வருட ஈராக்குக்கு ஆன 920 கோடி பவுண்டு எங்கே இருந்து வந்தது, யார் கேட்டார், யார் மறுத்தார் என்பது அந்தப் பகுதியில்தான். கடைக்கார அம்மா பக்கங்களைத் தள்ளிப் பார்த்துவிட்டு, "இதுல குறுக்கு அட்டவணை நிறைய இருக்கு ஐயா, பெரிய தாள் வாங்கிட்டு வந்து எடுக்கறேன்" என்றார். தஞ்சாவூரிலிருந்து தாள் வர வேண்டும். வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.